மருத்துவக் காரணம் என்று எழுதினேன்

எங்கள் கவுன்சிலின் பழைய அடுக்குமாடி எஸ்டேட் நின்ற இடத்தில் இப்போது கண்ணாடி பால்கனி வைத்த ஆறு கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றைக் கட்டிய நிறுவனம், நுழைவாசல் சுவரில் பழைய குடியிருப்பாளர்களின் நினைவுகளையும் பழைய ஊழியர்களின் நினைவுகளையும் எழுதி மாட்டப்போகிறதாம். கவுன்சிலில் என் பழைய நாற்காலியில் இருக்கும் பெண் போன் எடுத்தாள். "அங்கிள், நூறு சொல்லுக்குள்ளை ஏதாவது சந்தோசமாய் எழுதித் தாங்கோ" என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். கோடையில் புல்வெளியில் நடந்த விருந்து, பால்கனியில் தக்காளி வளர்த்த ஐரிஷ் கிழவர், எல்லா மொழியிலும் 'லிஃப்ட் பழுது' என்று எழுதி ஒட்டிய காவலாளி. எல்லாம் உண்மைதான். அந்த நூறு சொல்லுக்குள் அடங்காததை இங்கே எழுதுகிறேன். சந்தோசமானதை எதிர்பார்ப்பவர்கள் அந்தச் சுவரைப் போய்ப் பார்க்கலாம்.

நான் லண்டனுக்கு அகதியாக வந்தவன். பெற்றோல் நிலையத்தில் மூன்று வருடம், பின்னேர வகுப்பில் இரண்டு வருடம், பிறகு தெற்கு லண்டனில் ஒரு கவுன்சிலில், அதாவது உள்ளூராட்சி சபையில், கோப்பு அடுக்கும் வேலை. அடுக்கிய கோப்புகளைத் திறந்து வாசித்ததால் ஆங்கிலமும் வந்தது, வீட்டுச் சட்டமும் வந்தது. கடைசியில் ஹவுசிங் ஆபீசர் ஆனேன். ஊரில் வீட்டை விட்டு ஓடி வந்தவனுக்கு, லண்டனில் மற்றவர்களை வீட்டை விட்டு எழுப்புகிற வேலை கிடைத்திருக்கிறது என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சம்பளம் வருகிற வேலையைப் பற்றி அதற்கு மேல் யோசிக்கிற வயது இல்லை அது.

அந்த எஸ்டேட்டை இடிப்பது என்று முடிவானபோது, அங்கிருந்த குடும்பங்களை எடுத்து வேறு வீடுகளில் விடுவதற்கு ஐந்து பேர் கொண்ட ஓர் அணி அமைத்தார்கள். அந்த வேலைக்கு 'டிகாண்ட்' என்று பெயர். வைனை ஒரு போத்தலிலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாக ஊற்றுவதைச் சொல்லும் சொல்லாம். கலங்கல் அடியில் தங்கிவிட வேண்டும் என்பதற்காக அப்படி ஊற்றுவார்களாம். யார் கலங்கல் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த இடத்தின் கதையை எனக்குச் சொன்னவர் எங்கள் அணித் தலைவி டொரீன். முதலில் அங்கே செங்கல் வீடுகள் வரிசையாக இருந்தன. உலகப்போரில் பாதி போனது, மீதியைச் சேரி என்று சொல்லி இடித்தார்கள். அங்கிருந்தவர்களை எழுப்பித்தான் கொங்கிரீட் எஸ்டேட் கட்டினார்கள். முதலில் வெள்ளைக்காரத் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்கள் வசதி வந்து வெளியேற, கரீபியத் தீவுக்காரர்கள் வந்தார்கள். பிறகு வியட்நாம்காரர், பிறகு எங்கள் ஆட்கள், எங்களுக்குப் பின்னால் சோமாலியர். டொரீனின் தாய் ஜமேக்காவிலிருந்து வந்து, கறுப்பருக்கு அறை இல்லை என்று யன்னலில் எழுதி வைத்த தெருக்களில் அலைந்து, ஒரே அறையில் நாலு பிள்ளைகளை வளர்த்தவர். அவருக்கு இந்த எஸ்டேட்டில் வீடு கிடைத்தபோது டொரீனுக்கு ஒன்பது வயது. சொந்தமாகக் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொள்ளலாம் என்பதற்காகவே அன்று டொரீன் இரண்டு முறை குளித்தாராம். அதே கட்டடத்தை வெறுமையாக்கும் வேலை அவருக்கே வந்தது. இதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அவருடைய மேசை இழுப்பறையில், அந்தச் செங்கல் வீட்டுக்காரர்களுக்கு ஒருகாலத்தில் கவுன்சில் அனுப்பிய கடிதம் ஒன்று இருந்தது. ஒருவரும் பாதிக்கப்படமாட்டார்கள் என்று அதில் எழுதியிருந்தது. நாங்கள் அனுப்பிய கடிதத்திலும் அது ஏறக்குறைய அப்படியே இருந்தது. நான் அணியில் சேர்ந்த முதல் நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு, எடுத்து உள்ளே வைத்தார்.

டொரீன் எங்களுக்குக் கதவு தட்டப் பழக்கினார். சிரிக்க வேண்டாம், அதற்கும் ஒரு முறை உண்டு. இரண்டு தட்டு, அதற்கு மேல் இல்லை. தட்டிவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் கதவுத் துளையால் பார்த்தால் முழு ஆளும் தெரிய வேண்டும். அடையாள அட்டை நெஞ்சுக்கு நேரே. உள்ளே அழைத்த பிறகும், இருங்கள் என்று சொல்லும்வரை உட்காரக் கூடாது. தேநீர் தந்தால் படிவத்தின் மூன்றாம் பக்கம் முடிந்த பிறகுதான் குடிக்க வேண்டும். "முதலே குடித்தால் அவர்கள் விரும்புவதை எழுதுவாய். குடிக்காமலே விட்டால் அவர்கள் உனக்கு உண்மையைச் சொல்லமாட்டார்கள்" என்பார். எதையும் முதலில் பென்சிலால் எழுதி, எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டி, அவர்கள் ஓம் என்ற பிறகுதான் பேனாவால் எழுதுவார். படிவத்தில் பொய் இருந்தால், வாசித்துக் காட்டும்போது எங்கள் குரலிலேயே அது தெரிந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். கண்ணாடியைக் கழற்றி, பாவாடை ஓரத்தால் துடைக்கத் தொடங்குவார். அந்தத் துடைப்புக்கு நாங்கள் எல்லோரும் பயந்தோம்.

மற்ற நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஒரு குடும்பத்துக்கு வீடு ஒதுக்கினால் போய்ப் பார்ப்பார்கள். பிடித்தால் அந்த வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து. வாடகைக் காலம் எப்போதும் திங்கட்கிழமைதான் தொடங்கும். கையெழுத்து வைக்கத் தாமதம் வேண்டுமென்றால் ஒரு நிறுத்தப் படிவம் உண்டு. அதில் காரணத்துக்கு நாலு கட்டம்: மருத்துவம், மரணம், சமயமும் வழக்கமும், வேறு. மருத்துவம் என்று போட ஆபீசரின் கையெழுத்தே போதும். சமயமும் வழக்கமும் என்று போட்டால், என்ன வழக்கம், எந்த நாட்கள் என்று கீழே ஒரு பந்தி எழுதி, டொரீனிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரு வீடு வெறுமையானதும் அன்றைக்கே ஆட்கள் வந்து, வெளியாட்கள் கள்ளமாகக் குடிபுகாமல் இருக்கக் கழிவறைப் பீங்கானை உடைத்து, கதவுக்கும் யன்னலுக்கும் இரும்புத் தகடு அடிப்பார்கள். ஒரு மாடியில் எட்டு வீட்டில் ஆறுக்குத் தகடு அடித்த பிறகும், மீதி இரண்டில் சனம் சமைத்துக்கொண்டு இருக்கும்.

அப்படி மிஞ்சிய ஒரு வீடு நாலாம் மாடியில் புனிதவதி அக்காவுடையது. அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கும். கணவர் சிவநேசன் அண்ணைக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். லிஃப்ட் வேலை செய்கிற நாளைவிட செய்யாத நாள்தான் அதிகம். அப்போதெல்லாம் ஆம்புலன்ஸ்காரர் இருவர் அவரைக் கதிரையில் வைத்துக் கட்டி, நாலு மாடியும் சுமந்து இறக்குவார்கள். "திருவிழாவிலை சாமியைக் காவுறமாதிரி என்னைக் காவுறாங்கள் தம்பி. ஒருத்தரும் அரோகரா சொல்லுகினமில்லை, அதுதான் குறை" என்று அண்ணை பகிடி விடுவார். மகள் ஆரணிக்கு இருபத்திநாலு வயது. ஒரு மருந்துக்கடையில் வேலை. தகப்பன்மேல் உயிர்.

மார்கழி பிறந்து இரண்டாம் நாள் அவர்களுக்கு ஒரு வீடு வந்தது. தரைத்தளம், இரண்டு அறை, சக்கர நாற்காலி போகிற அகலத்தில் கதவுகள். ஆஸ்பத்திரி தெருவின் மறுபக்கம். நான் அந்த வேலையில் இருந்த காலம் முழுவதிலும் அப்படி ஒரு பொருத்தம் வந்ததில்லை. ஆரணி வீட்டைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலுக்கு எத்தனை அடி என்று நடந்து எண்ணிக்கொண்டு வந்தாள். நான் கையெழுத்துத் தாள்களோடு நாலாம் மாடிக்கு ஏறினேன்.

"வீடு நல்ல வீடுதான் தம்பி" என்றார் அக்கா. "ஆனால் மார்கழியிலை ஏலாது. தை பிறக்கட்டும்."

"இப்ப கையெழுத்தை மட்டும் வையுங்கோ அக்கா. தை பிறந்தபிறகு போய் இருங்கோ."

"கையெழுத்து வைச்சு வீட்டுத் திறப்பைக் கையிலை வாங்கினால் அது குடிபோனமாதிரித்தானே. இந்த வீட்டுக்கும் அவசரப்பட்டு மார்கழியிலைதான் வந்தனாங்கள். வந்த ரெண்டாம் வருசம் இவருக்குக் கிட்னி போச்சு. திரும்பவும் அந்தப் பிழையைச் செய்யச் சொல்லுறியளோ?"

ஆரணி தாயோடு வாதாடினாள். "அம்மா, இது ஜஸ்ட் ஒரு மாதம். கலண்டரிலை ஒரு பேர்." அண்ணை கட்டிலில் படுத்தபடி, தனக்கு எந்த மாதமென்றாலும் ஒன்றுதான், கீழ்வீடு என்றால் காணும் என்றார். அக்கா அசையவில்லை. நான்கூட அவரை வற்புறுத்தவில்லை. என் அம்மா இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். அதோடு கிறிஸ்மஸ் வருகிறது, எங்கள் கவுன்சில் கந்தோர் பூட்டிவிடும், தை பிறக்க நாலு கிழமைகூட இல்லை. ஒரு நிறுத்தப் படிவம் போட்டால் முடிந்தது.

"யோசிக்காதேங்கோ அக்கா, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். யாருக்கும் எதையும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது டொரீன் சொல்லித் தந்த முதல் பாடம்.

கந்தோருக்குத் திரும்பிப் படிவத்தை எடுத்தேன். சமயமும் வழக்கமும் என்ற கட்டத்தில் பென்சிலை வைத்தேன். கீழே பந்தி எழுத வேண்டுமே. மார்கழி மாதத்தில் நாங்கள் வீடு மாறுவதில்லை, ஏனென்றால்... ஏனென்றால் என்பதற்குப் பிறகு எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

உண்மையைச் சொன்னால் ஆங்கிலம் இல்லை, வெட்கம். இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் எங்கள் ஆள் ஒருவர் புது வீட்டு வாசலில் தேங்காய் அடித்தார். சிரட்டையும் தண்ணீரும் சிதறிக் கிடப்பதைக் கண்ட காவலாளி, யாரோ வன்முறை செய்திருக்கிறார்கள் என்று முறைப்பாடு எழுதிவிட்டான். அந்த முறைப்பாட்டை அணிக் கூட்டத்தில் ஒருவர் நாடகம்போல வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவன் நான். அப்படிச் சிரித்த வாயால், இப்போது ஒரு மனுசி நல்ல நாள் பார்க்கிறார், அதற்காகக் கவுன்சில் காத்திருக்க வேண்டும் என்று டொரீனுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? வீட்டில் நோயாளி இருக்கிறார். மருத்துவக் காரணம் என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? பென்சில் அடையாளத்தை அழித்துவிட்டு, மருத்துவம் என்ற கட்டத்தில் பேனாவாலேயே புள்ளடி போட்டேன். ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

முன்பெல்லாம் மருத்துவக் காரணம் என்று போட்டால் வீட்டை ஒரு மாதம் பிடித்து வைப்பார்கள். அந்த இலையுதிர் காலத்தில் விதி மாறியிருந்தது. நோயாளியைப் பொருந்தாத வீட்டில் விட்டுவிடக் கூடாது என்பதற்காக, மருத்துவக் கேள்வி எழுந்த உடனேயே அந்த வீட்டை அவர்களிடமிருந்து எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது. எனக்கும் வந்தது. திறந்தேன், மேலிரண்டு வரி பார்த்தேன், மூடினேன்.

கிறிஸ்மஸ் கழிந்து கந்தோர் திறந்த அன்று கணினியில் பார்த்தேன். வீடு போய்விட்டது. விடுமுறையில் இன்னொரு கட்டடத்தில் குழாய் வெடித்து, இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் தெருவில் நின்றிருக்கிறது. அவசர அலுவலர் வெறுமையாகக் கிடந்த முதல் வீட்டைக் கொடுத்துவிட்டார். நான் மதியம் நடந்து போய்ப் பார்த்தேன். யன்னலுக்குள் குழந்தை வண்டி நின்றது. யாரோடு போய்ச் சண்டை பிடிப்பது? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவன் நான்தான்.

டொரீன் என்னை அறைக்குள் கூப்பிட்டார். படிவம் மேசையில் இருந்தது.

"இது மருத்துவக் காரணமா?"

"இல்லை."

"பிறகு?"

சொன்னேன். மார்கழி, தை, முதல் வீட்டுக்கு வந்த கதை, எல்லாம். எனக்கு வராது என்று நினைத்த ஆங்கிலம் அப்போது தடையில்லாமல் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நாலு கிழமைதானே கேட்டாள். நான் ஒப்பமிட்டிருப்பேன். என் தாய் செத்தபோது ஒன்பது இரவு எங்கள் வீட்டில் ஆட்கள் விழித்திருந்தார்கள். அதே வழக்கத்துக்காக மற்றவர்களுக்கு நான் நாள் கொடுத்திருக்கிறேன். நோன்புக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கட்டம் எதற்கு இருக்கிறது என்று நினைத்தாய்?"

என் கண் படிவத்தில் நான் போட்ட புள்ளடிக்குப் போனது.

"நீ அந்த மனுசியை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறாய். நான் சிரிப்பேன் என்று நினைத்திருக்கிறாய்." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "அதுவும் சரிதான். தேங்காய் விசயத்தில் நானும் சிரித்தேன்."

மூன்று நாள் டொரீன் மற்ற அலுவல்களை ஒதுக்கிவிட்டு, ஆஸ்பத்திரியைச் சுற்றி இன்னொரு கீழ்வீடு தேடினார். பழைய சிநேகிதர், மற்றக் கவுன்சில்காரர், வீட்டுச் சங்கங்கள் எல்லோருக்கும் போன் எடுத்தார். ஒன்றும் அகப்படவில்லை. கட்டடம் இடிக்கும் நாளோ குறித்தாகிவிட்டது. கிடைத்தது நகரத்தின் கிழக்கு விளிம்பில், இரண்டாம் மாடியில் ஒரு வீடு. லிஃப்ட் உண்டு, வேலையும் செய்தது. ஆஸ்பத்திரி இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் தள்ளி.

"ஏன் இப்படி ஆனது என்று நீயே அவளுக்குச் சொல்ல வேண்டும்" என்றார் டொரீன். "கவுன்சிலின் பெயரில் அல்ல, உன் வாயால்."

சொல்லத்தான் போனேன். நாலாம் மாடிப் படியிலேயே வசனங்களை அடுக்கிக்கொண்டு ஏறினேன். கதவைத் திறந்த அக்காவின் கண் வீங்கியிருந்தது. வீடு கைநழுவிய கடிதம் எனக்கு முந்தி வந்துவிட்டது.

"தம்பி, நீங்கள் அண்டைக்கே சொன்னியள். நான்தான் கேக்கேல்லை. கையெழுத்தை வைச்சிருந்தால் இந்த மனுசனுக்கு இந்தக் கதி வந்திருக்குமோ. மார்கழி மார்கழி எண்டு நானே வாசல்லை வந்ததை உதைச்சுத் தள்ளிப்போட்டன்."

உள்ளே ஆரணி தாயின் முகத்தைப் பார்க்காமல் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் வந்தது வேறு. "உங்களிலை பிழையில்லை அக்கா, நேரம்" என்றேன். அவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார். அதைக் குடித்துவிட்டு இறங்கினேன். கந்தோரில் டொரீன், சொன்னாயா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற அந்த மனுசி, இதைச் சரிபார்க்கவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பினார். ஓய்வு பெற்று இரண்டு வருடத்தில் அவர் காலமானார், நம்பியபடியே.

மாசியில் நல்ல நாள் பார்த்து, பால் காய்ச்சி, புது வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு உடனே இடம் கிடைக்கவில்லை. பழைய ஆஸ்பத்திரிக்கே நோயாளர் வண்டி வந்து ஏற்றும். விடிய ஏற்றினால், வழியெல்லாம் மற்றவர்களை ஏற்றி இறக்கி, வீடு திரும்பப் பொழுதுபடும். நான் போய்ப் பார்த்தபோது அண்ணை சாமி காவுகிற பகிடி ஒன்றும் விடவில்லை. களைப்பு என்று சொல்லி ஒரு நாள் போகாமல் விட்டார். பிறகு கிழமைக்கு ஒரு நாள் விட்டார். ஆரணி கெஞ்சினாள், கத்தினாள். ஐப்பசியில் அண்ணை போய்ச் சேர்ந்தார்.

செத்தவீட்டில் ஐம்பது அறுபது பேர் வந்திருந்தோம். பெட்டியை மூடுவதற்கு முன்னர் ஆரணி தாயின் பக்கம் திரும்பினாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் அப்போது வேறு சத்தமும் இல்லை.

"உங்கட கலண்டர்தான் அப்பாவைச் சாகடிச்சது."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார், ஓம் என்பதுபோல. நான் நாலாம் வரிசையில் இருந்தேன். எழுந்து, இல்லை பிள்ளை, கலண்டர் இல்லை, நான் போட்ட ஒரு புள்ளடி என்று சொல்லியிருக்கலாம். எழும்புவதற்குக் கால் இருந்தது, சொல்வதற்கு நாக்கு இருந்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி என் முழங்கையைப் பிடித்து, "நீங்கள் அவையளுக்கு எவ்வளவு செய்தனீங்கள்" என்றாள். அந்த வார்த்தையை ஒரு கம்பளிபோலப் போர்த்திக்கொண்டு இருந்துவிட்டேன். கோழைத்தனம் என்பதற்கு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியாது.

முப்பத்தொராம் நாள் கிரியை முடிந்ததும் ஆரணி வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். எஸ்டேட்டை இடித்தார்கள். நானும் ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில், தமிழ்க் குடும்பங்களுக்கும் கவுன்சிலுக்கும் நான் பாலமாக இருந்தேன் என்று ஒருவர் பேசினார். கைதட்டினார்கள். வருடங்கள் போயின. புனிதவதி அக்கா கோயிலில் கண்டால் மற்றவர்களுக்கு என்னைக் காட்டி, "இந்தத் தம்பி சொன்னதைக் கேட்டிருந்தால் நான் இண்டைக்கு இப்படி இருக்கமாட்டன்" என்பார். பிறகு நான் அந்தக் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டேன்.

சுவருக்கு நூறு சொல் எழுதிக் கொடுத்த அடுத்த கிழமை, என் வீட்டருகே கோலியர்ஸ் வுட்டில் ரயிலேறி, இரண்டு இடத்தில் மாறி, அக்காவின் வீட்டுக்குப் போனேன். போகிற வழியின் நீளத்தை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன். சுகமான எனக்கே இடுப்பு நொந்தது.

அக்காவுக்கு இப்போது எழுபதுக்கு மேல். தனியாக இருக்கிறார். சுவரில் அண்ணையின் படம், ஆரணியின் பட்டமளிப்புப் படம். கலண்டர் இல்லை. தேத்தண்ணி வைக்க எழும்பினார். வேண்டாம், முதலில் இதைக் கேளுங்கள் என்று மறித்து, நாலு கட்டத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய்ச் சிரிப்பையும் விடவில்லை. டொரீனிடம் சொன்ன பொய்யையும் விடவில்லை.

அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப மார்கழி எண்டு உள்ளதை எழுதியிருந்தால், அவை வீட்டை வைச்சிருப்பினமோ?"

"ஓம் அக்கா."

"தை பிறக்குமட்டும்?"

"ஓம். நாலு கிழமை தந்திருப்பினம்."

"அந்தக் கறுப்பு மனுசி தந்திருப்பாவோ?"

"தந்திருப்பன் எண்டு என்னட்டைச் சொன்னவ."

அக்கா ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அழவும் இல்லை.

"நான் அந்தாளைச் சாகடிச்சுப்போட்டன் எண்டு நினைச்சு நினைச்சு எனக்கு அது பழகிப்போச்சுத் தம்பி. இனி அதை எடுத்து எங்கை வைக்கிறது? என்னட்டைச் சொல்லி என்ன. பிள்ளைக்கெல்லோ சொல்லியிருக்கவேணும்."

"சொல்லுறன் அக்கா. இப்பவே சொல்லுறன்."

"எழுதித் தாங்கோ. இங்கிலீசிலை எழுதுங்கோ, அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கையெழுத்தும் வையுங்கோ."

இழுப்பறையிலிருந்து ஒரு கொப்பி எடுத்துத் தந்தார். நடுப்பக்கத்தைக் கிழித்து எழுதினேன். வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் கடிதம் எழுதியிருக்கிறேன். எல்லாம் கவுன்சில் வருந்துகிறது, கவுன்சில் அறியத்தருகிறது என்று தொடங்குபவை. நான் என்று தொடங்கி எழுதிய முதல் கடிதம் இதுதான். உங்கள் தாய் கேட்டது நாலு கிழமை. அதைக் கேட்க அவருக்கு உரிமை இருந்தது. அதை நான் கவுன்சிலிடம் கேட்கவில்லை. எழுதியதை வரி வரியாகத் தமிழில் சொல்லி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"மார்கழி எண்டு போட்டனீங்களோ?"

"ஓம் அக்கா, அப்பிடியே போட்டிருக்கிறன்."

"அப்ப சரி."

கையெழுத்து வைத்தேன். அவர் ஓர் உறையும் முத்திரையும் கொண்டுவந்து வைத்தார். கடிதத்தை மடித்து உள்ளே வைத்து ஒட்டி, ஆரணியின் பெயரை எழுதினேன்.

"விலாசத்தைச் சொல்லுங்கோ அக்கா."

அவர் உறையில் நான் எழுதிய பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கில எழுத்துத்தான், ஆனாலும் அது மகளின் பெயர் என்று அவருக்குத் தெரியும்.

"அவள் வீடு மாறிட்டாள் தம்பி. போன் நம்பரும் மாத்திட்டாள். எங்கை இருக்கிறாள் எண்டு எனக்குச் சொல்லேல்லை."